வெஸ்நோத்: போர் பார்த்த வீடுகளில் ஒரு போர் விளையாட்டு

கைத்தொலைபேசியில் சுடுகிற விளையாட்டுகள் உடுவில் ஒழுங்கைகளுக்குள்ளும் வந்து கனகாலம். ரியூசன் முடிந்து வரும் பெடியள் மதிலோரம் குந்தியிருந்து, "அடியடா, பின்னால நிக்கிறான்" என்று கத்துவதை எந்த மாலையிலும் கேட்கலாம். வீட்டுக்குள் இருக்கும் அம்மம்மாமாருக்கு அந்தச் சத்தம் விளையாட்டாகக் கேட்பதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தைவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த சனத்தில் அவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது படித்த கதை. அவர்களுக்கு அது காலில் இருக்கிற நோ.

எனவே போர் விளையாட்டுகளைப் பற்றி எங்கள் வீடுகளில் இரண்டு முடிவுகள்தான் உண்டு. ஒன்று, "உதெல்லாம் வேண்டாம்" என்று பறித்து வைப்பது. மற்றது, "என்னவோ செய்யட்டும்" என்று விட்டுவிடுவது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை. ஊடகக் கற்கை படித்துவிட்டுச் சுயாதீனமாக எழுதுகிறவள் நான். கடந்த சில மாதங்களாக அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரோடு ஒரு பழைய மடிக்கணினியில் 'வெஸ்நோத்துக்கான போர்' என்ற விளையாட்டை ஆடி வருகிறேன். அதன் பலம் என்ன, பலவீனம் என்ன, போரால் பாதிக்கப்பட்ட ஒரு வீட்டில் அதை எப்படி வைத்திருக்கலாம் என்பதைக் கீழே தருகிறேன்.

எது இந்த விளையாட்டு?

'த பட்டில் ஃபோர் வெஸ்நோத்' என்பது முறைவைத்து ஆடும் ஒரு கற்பனைப் போர் விளையாட்டு. டேவிட் வைட் என்ற நிரலாளர் 2003இல் இதைத் தொடங்கினார். 'மாஸ்டர் ஒஃப் மொன்ஸ்டர்ஸ்', 'வோர்சோங்' என்ற பழைய சேகா விளையாட்டுகள்தான் அவருக்கு முன்மாதிரி. முதலாவது முழுப் பதிப்பு 2005இல் வந்தது. 2024இல் 1.18 பதிப்பு வெளியானது. இருபது வருடங்களுக்கு மேலாக இதை வளர்த்து வருபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். படம் வரைந்தவர், இசை அமைத்தவர், கதை எழுதியவர், மொழிபெயர்த்தவர் என்று பல நாட்டவர் அதில் இருக்கிறார்கள்.

இது திறந்த மூல மென்பொருள். குனு பொது உரிமத்தின் கீழ் வருவதால் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் இறக்கியதைப் பென்டிரைவில் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும் சட்டப்படி சரி. களவுப் பிரதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எப்படி ஆடுவது?

வரைபடம் தேன்கூடுபோல அறுகோணக் கட்டங்களால் ஆனது. கோட்டையில் நிற்கும் உங்கள் தலைவன் பொற்காசு கொடுத்துப் படையாட்களைச் சேர்க்கிறான். நீங்கள் எல்லோரையும் நகர்த்தி முடித்த பிறகுதான் எதிராளி நகர்த்துவான். ஆடுபுலி ஆட்டமோ சதுரங்கமோ ஆடியவருக்கு இது புதிதல்ல. வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் ஊர்களைப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வருமானம் வரும். படையாட்களுக்குப் பராமரிப்புச் செலவும் உண்டு. அதில் ஒரு பகுதியை ஊர்கள் தாங்கும்.

அடி விழுவதும் விழாததும் நிலத்தைப் பொறுத்தது. திறந்த வெளியில் நிற்கும் ஒரு சாதாரண மனிதப் படையாள்மேல் ஒரு அடி விழும் வாய்ப்பு 60%. அவனே ஊருக்குள் அல்லது கோட்டைக்குள் நின்றால் 40%. சதுப்பிலோ ஆழமில்லாத தண்ணீரிலோ நின்றால் 80%. மந்திரவாதியின் அடிக்கு மட்டும் நிலம் ஒரு பொருட்டல்ல. எங்கே நின்றாலும் 70%.

நேரமும் ஒரு ஆயுதம். விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதற்சாமம், இரண்டாம் சாமம் என்று ஆறு முறைகள் ஒரு நாள். ஒழுங்குள்ள மனிதப் படைகள் பகலில் 25% கூடுதலாக அடிக்கும். இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகளுக்கும் பிணப்படைகளுக்கும் இது மறுதலை. பகலில் முன்னேறி, இருட்டுமுன் பின்வாங்கி நல்ல நிலத்தில் நிற்பவனே கெட்டிக்காரன்.

பலங்கள்

முதலாவது, பழைய கணினியிலும் ஓடும். விலை கூடிய வரைகலை அட்டை தேவையில்லை. இறக்குவதற்குச் சில நூறு மெகாபைட் போதும். இறக்கிய பிறகு இணையமே தேவையில்லை. டேற்றா போடக் காசு எண்ணுகிற வீடுகளுக்கு இது சின்ன விடயமல்ல.

இரண்டாவது, மின்சாரம் போனாலும் ஆட்டம் போகாது. ஒவ்வொரு முறையும் தானாகவே சேமித்துக்கொள்ளும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. தொண்ணூறுகளில் வருடக்கணக்காக மின்சாரமே காணாத குடாநாட்டில், எந்தப் பொருளையும் "கரண்ட் போனால் என்ன செய்யும்?" என்று கேட்டுத்தான் எடைபோடுவோம். இந்த விளையாட்டு அந்தக் கேள்வியில் தேறுகிறது.

மூன்றாவது, ஒரே கணினியில் பலர் மாறிமாறி ஆடலாம். அக்கா ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். ஒருவர் நகர்த்தும்போது மற்றவர் எழுந்து தேத்தண்ணி ஊற்றி வரலாம். அவசரம் இல்லை. சுடுகிற விளையாட்டுகளில் அரைச் செக்கனில் முடிவெடுக்க வேண்டும். இங்கே அரை மணித்தியாலம் யோசித்தாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

நான்காவது, கணக்குப் படிப்பிக்கும். அடிப்பதற்கு முன் அடி விழும் வாய்ப்பையும் சண்டையின் பல முடிவுகளுக்கான நிகழ்தகவையும் திரையில் காட்டும். ஈட்டிக்காரன் ஒரு சண்டையில் மூன்று தடவை குத்துவான். திறந்த வெளியில் நிற்பவன்மேல் மூன்றும் தவறும் வாய்ப்பு 0.4 × 0.4 × 0.4, அதாவது 6.4%. கோட்டைக்குள் நிற்பவன்மேல் அது 21.6%. சாதாரண தரத்துக்கு நிகழ்தகவு படிக்கிற தம்பிக்கு நான் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் ஈட்டிக்காரன் மூன்று குத்தும் தவறவிட்ட கோபத்தில் அவனே கொப்பியை எடுத்துப் பெருக்கிப் பார்த்தான்.

ஐந்தாவது, பின்வாங்குவது இங்கே வெட்கமல்ல. காயப்பட்டவனை முன்வரிசையிலிருந்து எடுத்து ஊருக்குள் விட்டால் முறைக்கு 8 புள்ளி குணமாகும். மருத்துவம் தெரிந்தவர் பக்கத்தில் நின்றாலும் குணமாகும். செத்த படையாள் திரும்ப வரமாட்டான். ஆனால் உயிரோடு காப்பாற்றியவனை அடுத்த கட்டத்தில் 20 பொற்காசுக்குத் திருப்பி அழைக்கலாம். அவன் அனுபவத்தோடு வருவான். ஆகவே ஆட்களைக் காப்பாற்றத் தெரியாதவர் இந்த விளையாட்டில் நெடுந்தூரம் போக முடியாது. வெற்றியை எண்ணுவதைவிட இருப்பவரை எண்ணப் பழக்குகிற போர் விளையாட்டுகள் அரிது.

பலவீனங்கள்

முதற்குறை, அதிர்ஷ்டம். மேலே சொன்ன 6.4% என்பது ஏறக்குறைய 16 தடவையில் ஒருமுறை. ஒரு வரைபடத்தில் பல பத்துச் சண்டைகள் நடக்கும்போது அந்த ஒருமுறை கட்டாயம் வரும். நல்ல திட்டம் கெட்ட எண்ணால் சரியும். தாயம் ஆடுகிறவர் இதைச் சிரித்துக்கொண்டு ஏற்பார். சதுரங்கம் ஆடுகிறவருக்குப் பத்திக்கொண்டு வரும். நல்ல ஆட்டக்காரர் ஒரே அடியை நம்பாமல், அது தவறினால் யார் மூடுவது என்றும் யோசித்து வைப்பார் என்பது உண்மைதான். ஆனால் தொடக்கக்காரருக்கு அது ஆறுதல் ஆகாது.

இரண்டாவது, கணினி எதிராளியின் மூளை குறைவு. அது முன்னே பாயும். ஆட்களைப் பேணாது. பின்வாங்கத் தெரியாது. அதனால் வரைபடங்களைச் செய்தவர்கள் எதிரிக்கு ஆட்தொகையையும் காசையும் கூட்டிக் கொடுத்துச் சமன்செய்கிறார்கள். மதியூகத்துக்குப் பதிலாகக் கூட்டத்தோடு மோதுகிற உணர்வு பல இடங்களில் வரும்.

மூன்றாவது, தொடர்கதை ஆட்டங்களில் முன்பு விட்ட பிழை பிறகு தண்டிக்கும். தேர்ந்த ஆட்களையும் காசையும் முதல் வரைபடங்களில் இழந்தவர், ஐந்தாறு கட்டம் தாண்டிய பிறகு, இனி முன்னேறவே முடியாது என்று கண்டுகொள்வார். அதற்குள் பல இரவுகள் போயிருக்கும். இதனால் பலர் சேமித்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நல்ல எண் விழும்வரை ஆடுகிறார்கள். அப்படி ஆடினால் இழப்புக்கு உள்ள பொருள் போய்விடும்.

நான்காவது, மொழி. இடைமுகம் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. நாங்கள் ஆடியது ஆங்கிலத்தில். கதை உரையாடல்கள் நீளமானவை, பழைய நடையில் எழுதப்பட்டவை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து தமிழில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு எளிய உரைக்கோப்புகளில் நடக்கிறது. நிரல் தெரியாத ஒருவரும் அதில் பங்கெடுக்கலாம். தமிழ்ப் பாட ஆசிரியர் ஒருவரும் ஆங்கிலம் தெரிந்த உயர்தர மாணவர் சிலரும் சேர்ந்தால் ஒரு சிறிய தொடர்கதையைத் தமிழுக்குக் கொண்டுவருவது எட்டாத வேலையல்ல.

ஊர்களில் ஆட்கள் இல்லை

ஐந்தாவது குறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதுதான் பெரிய குறை.

வெஸ்நோத்தின் வரைபடத்தில் ஊர் என்பது ஒரு சின்ன வீடும் ஒரு கொடியும். யார் கடைசியாகக் கால்வைத்தாரோ அவருடைய நிறம் கொடியில் ஏறும். காசு அவருக்குப் போகும். ஒரே ஊர் ஒரு ஆட்டத்தில் ஆறேழு தரம் கைமாறும். அந்த ஊரில் ஒன்றும் மாறாது. கூரை எரியாது. கிணறு தூர்ந்துபோகாது. யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடமாட்டார்கள்.

ஒருநாள் ஆடிக்கொண்டிருக்கும்போது பதின்மூன்று வயதுத் தங்கச்சி கேட்டா: "அக்கா, இந்த ஊருக்குள்ள இருந்த சனம் எங்க?"

விளையாட்டிடம் அதற்குப் பதில் இல்லை. கதைப்பகுதிகளில் சனத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் விதிகளில் சனம் இல்லை. குடியானவன் என்று ஒரு படையாள் உண்டு. அவனும் கவர்த்தடியோடு சண்டைக்குத்தான் வருகிறான். ஒரு இராணுவ வரைபடம் நிலத்தைப் பார்ப்பதுபோலவே இந்த விளையாட்டும் பார்க்கிறது: உயரம், மறைப்பு, வருமானம். அந்தப் பார்வைக்குக் கீழே வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆகவே தங்கச்சியின் கேள்வியை இந்த விளையாட்டின்மேல் எழுதக்கூடிய மிகச் சரியான விமர்சனமாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு மாறான ஒரு விளையாட்டும் உலகில் உண்டு. போலந்தின் 11 பிட் ஸ்ரூடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்' சரயேவோ முற்றுகையின் அனுபவங்களிலிருந்து பிறந்தது. அதில் ஆடுபவர் படைவீரர் அல்ல. இடிந்த வீடொன்றில் சாப்பாடும் மருந்தும் தேடும் பொதுமக்கள். 2020இல் போலந்து அரசு அதை மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ஆனால் அது பெரியவர்களுக்கான விளையாட்டு. மனதைப் பிழிவது. பங்கருக்குள் இருந்து வந்த ஒருவருக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெஸ்நோத் கற்பனை உலகில் நடப்பதால் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரமே அதன் குறை, அதன் வசதியும் அதுவே.

கதைகள் சொல்வது

விதிகளில் இல்லாததைக் கதைகள் ஓரளவு ஈடுசெய்கின்றன. 'அரியணையின் வாரிசு' என்ற தொடர்கதையில் முதல் வரைபடத்தின் இலக்கு எதிரியைக் கொல்வதல்ல. முற்றுகைக்குள்ளான ஊரிலிருந்து இளைஞன் கொன்ராட்டைத் தப்பவைப்பது. 'வெஸ்நோத்தின் எழுச்சி' என்பதில் பச்சைத்தீவை ஓர்க்குகளிடம் இழந்த சனம் கப்பலேறிக் கடல் கடக்கிறது. போய்ச் சேர்ந்த இடம் வெறும் நிலமல்ல. அங்கே எல்ஃப்களும் குள்ளர்களும் முன்பே வாழ்கிறார்கள். அகதியாக வந்தவன் இன்னொருவனின் நிலத்தில் எப்படிக் கால் வைப்பது என்ற கேள்வியை அது தொடுகிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் எங்கள் பிள்ளைகளோடு பேச அது நல்ல தொடக்கம்.

'இருளுக்குள் இறக்கம்' என்ற கதை இன்னும் கடுமையானது. மாலின் கேஷார் என்ற இளம் மந்திரவாதி, ஓர்க்குகளிடமிருந்து தன் ஊரைக் காக்கப் பிணங்களை எழுப்பும் வித்தையைக் கையிலெடுக்கிறான். ஊர் அவனை விலக்கிவிடுகிறது. அவன் இன்னும் ஆழமாக இறங்குகிறான். இதை எங்கள் வரலாற்றின் உருவகமாக வாசிக்கத் தேவையில்லை. அப்படி வாசித்தால் இரண்டுமே சின்னதாகிவிடும். ஆனால் "காக்க எடுத்த வழி காக்க நினைத்ததையே என்ன செய்யும்?" என்ற கேள்வியைப் பதினாறு வயதுப் பிள்ளையோடு மேசையில் வைத்துப் பேச ஒரு கதை கிடைக்கிறது.

பெரும்பாலான கதைகளில் ஓர்க்குகள் பிறவியிலேயே கெட்டவர்களாக வருகிறார்கள். ஒரு இனம் முழுவதையும் அப்படி எழுதுவது எங்களுக்கு உறுத்த வேண்டிய விடயம். 'கருங்கண்ணின் மகன்' என்ற தொடர்கதை இதைத் திருப்பிப் போடுகிறது. அதில் ஆடுபவர் ஓர்க் தலைவன் கப்பூயே. ஒப்பந்தத்தை முறித்து நிலத்தைப் பிடிப்பவர்கள் மனிதர்கள். முதலில் மனிதர் பக்கக் கதை ஒன்றையும் பிறகு இதையும் ஆடினால் பிள்ளைகள் தாங்களாகவே வித்தியாசத்தைப் பேசுவார்கள்.

வீட்டில் வைத்திருக்கும் முறை

இனிச் சில நடைமுறை விடயங்கள்.

சத்தம். பெரும்பாலும் வாளும் அம்பும்தான். ஆனால் குள்ளர்களில் துப்பாக்கி போன்ற ஒரு குழலைத் தூக்கி வருபவன் ஒருவன் இருக்கிறான். அவன் அடித்தால் வெடிச்சத்தம் கேட்கும். அயல்வீட்டில் முதல்தரம் அது கேட்டபோது, குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மம்மாவின் கை நின்றுவிட்டது. "என்ன பிள்ளை அது?" என்று மட்டும் கேட்டா. அன்றிலிருந்து அங்கே சத்தமில்லாமல்தான் ஆடுகிறோம். அமைப்புகளில் இசையை விட்டுவிட்டு, ஏனைய சத்தங்களை மட்டும் நிறுத்த முடியும். முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

பிணப்படை. பிணப்படையின் சில அடிகளால் இறந்தவன் எதிரியின் பக்கத்தில் நடைபிணமாக எழுவான். படங்கள் சின்னவை, இரத்தக் காட்சிகள் இல்லை. ஆனாலும் உறவுகளின் உடலைக்கூடக் காணாத வீடுகள் எங்களிடம் உண்டு. அப்படியான வீடுகளில் இந்தப் பகுதியைத் தவிர்க்கலாம். மனிதரும் எல்ஃப்களும் ஓர்க்குகளும் வரும் கதைகளே போதுமான அளவு இருக்கின்றன.

பெயர்கள். உங்கள் படையாட்களுக்கு விளையாட்டே பெயர் வைக்கும். நீங்கள் மாற்றவும் முடியும். பிள்ளைகள் உடனே வீட்டாரின் பெயரை வைக்க விரும்புவார்கள். அந்தப் படையாள் சாகக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாருடைய பெயரை வைக்கக்கூடாது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

இணையம். பிறரோடு ஆடும் பொது அரங்கில் அந்நியர்கள் எழுதும் உரையாடல் இருக்கும். ஆடுபவர்கள் தாங்களே எழுதிச் சேர்த்த தொடர்கதைகளும் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றின் தரமும் உள்ளடக்கமும் ஒன்றுபோல இருக்காது. சிறு பிள்ளைகளுக்கு இணையம் இல்லாமல், விளையாட்டோடு வரும் கதைகள் மட்டும் போதும்.

தொடக்கம். பயிற்சிப் பாடத்தை முடித்துவிட்டு 'இரு சகோதரர்களின் கதை' என்ற சிறிய தொடர்கதைக்குப் போங்கள். நான்கு வரைபடங்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு 'தெற்குக் காவல்'. 'அரியணையின் வாரிசு' நீளமானது. அவசரப்பட வேண்டாம். சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போவதற்கு ஒரு வரைபடத்துக்கு இத்தனை தரம் என்று வீட்டிலேயே ஒரு விதி வையுங்கள்.

இந்த விளையாட்டுக்கு வரைபடம் செய்யும் கருவி ஒன்றும் கூடவே வருகிறது. தங்கச்சி இப்போது அதில் ஒரு ஊர் செய்துகொண்டிருக்கிறா. நடுவில் ஒரு குளம், சுற்றி வீடுகள், வெளியே போக நான்கு வழி. ஏன் நான்கு என்று கேட்டேன். "ஒண்டை அடைச்சாலும் சனம் போகோணும்" என்றா. இரு பக்கப் படைக்கும் கோட்டைகள் எங்கே வரும் என்பதை அவ இன்னும் முடிவுசெய்யவில்லை.